தொண்டை மண்டல வரலாறு

தொண்டை மண்டலம் என்றதும் காஞ்சிபுரம், பல்லவர், கல்வெட்டு என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட வேண்டாம். இது அண்ணாக்குக்குக் கீழே, மார்புக்கு மேலே இருக்கிற மண்டலம். இதன்மேலும் படையெடுப்புகள் நடந்திருக்கின்றன. தோற்றவர்கள்தான் அதிகம். செங்கல்பட்டு, வட ஆற்காடு என்று அந்த இன்னொரு தொண்டை மண்டலத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய. அந்த உரிமையில் தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கம் என்பது வட சிலாங்கூர். ஊர் பத்தாங் பெர்ஜூந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள். எங்கள் வாய்க்கு இன்னும் தகவல் வந்து சேரவில்லை. என் சின்னம்மா மகன் எம்.ஏ. தமிழா, பொருளாதாரமா என்று கேட்காதீர்கள். மலேசியாவில் எம்.ஏ. என்றால் மெடிக்கல் அசிஸ்டன்ட். பாட்டியின் அகராதியில் டிரெசர். அவன் ஒரு பரீட்சைக்காக ரப்பர் பொம்மைக் குழந்தை ஒன்றை இரவல் வாங்கிப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். மூச்சு நின்றுபோன பிள்ளைக்கு வாய்வழியாக மூச்சுக்குழாயில் டியூப் இறக்குவது எப்படி என்று அதில் பழக வேண்டும்.

பையிலிருந்து முதலில் வெளியே வந்தது கால். பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், யாரு பெத்த பிள்ளைடா? பையில போட்டுக் கொண்டாந்திருக்க?"

"பொம்மை பாட்டி. பாடம் படிக்க."

"பொம்மைன்னா? தலை நிக்காத பிள்ளைய இப்படியா ஒத்தக் கையில தூக்குவ?"

சாப்பாட்டு மேஜையில் அதை மல்லாக்கப் படுக்கவைத்தான். பாட்டி அதையும் பொறுக்கவில்லை. வெறும் கட்டையில் தலை படுகிறதே என்று அறைக்குள் போய், பெட்டியின் அடியிலிருந்து கடுகுத் தலையணையை எடுத்துவந்தாள். பிறந்த பிள்ளைக்கு மண்டை உருண்டையாக வர வேண்டும் என்பதற்காகக் கடுகை நிரப்பித் தைத்த சின்னத் தலையணை அது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறை மண்டைகள் அதில் உருண்டிருக்கின்றன. சில மண்டைகளின் உள்ளேயும் கடுகுதான் என்று தாத்தா சொல்வதுண்டு.

"தலைக்கு வைக்கக் கூடாது பாட்டி. வச்சா மூச்சு அடைச்சுக்கும்."

"உங்கப்பன அதுலதாண்டா வளர்த்தேன். அவன் மூச்சு விடலையா?"

இந்த இடத்தில் பாட்டி, தனக்கே தெரியாமல், லண்டன் மயக்க மருத்துவர் ஐவன் மகிலின் கட்சியில் சேர்ந்துவிட்டாள். அந்தக் கட்சியின் கதையைச் சொல்லாமல் இந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

கதையை எங்கள் பக்கத்து ஒரு வாயிலிருந்தே தொடங்குகிறேன். குவாலா என்றால் மலாயில் ஆறு கடலோடு சேர்கிற வாய். குவாலா சிலாங்கூரில் சிலாங்கூர் ஆற்றின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது புக்கிட் மெலாவத்தி. இப்போது அங்கே போனால் 1907இல் கட்டிய கலங்கரை விளக்கமும், கடலை வாங்கித் தின்கிற லுத்தோங் குரங்குகளும் இருக்கும். பெரியவை சாம்பல் நிறம், பிறந்த குட்டி மட்டும் ஆரஞ்சு. 1784இல் அந்தக் குன்றுக் கோட்டையை டச்சுக்காரர்கள் பிடித்து, தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கைக் குளிர்விக்க ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் சூட்டினார்கள். பெயர்ப்பலகையின் பெயின்ட் காய்வதற்குள், மறுவருஷமே, சுல்தான் இப்ராஹிம் கோட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

டச்சுக்காரர்களின் கணக்கு எளிது. வாயைப் பிடித்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் நம்முடையது. வாயில் நின்று எட்டிப் பார்ப்பவனுக்கு முதல் வளைவுவரைதான் தெரியும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. மனுஷத் தொண்டைக்கும் இதே புவியியல்தான். வாய் ஒரு திசையில் போகிறது. நாக்கின் அடிக்கு வந்ததும் தொண்டை இன்னொரு திசையில் இறங்குகிறது. குரல்வளை தனக்கென்று ஒரு சாய்வு வைத்திருக்கிறது. அதன் வாசலில் ஒரு மூடி வேறு. சோறும் காற்றும் ஒரே வாயால் போவதால், சோறு வரும்போது காற்று வழியைச் சாத்துகிற வாட்ச்மேன் அவர். இத்தனையும் தாண்டித்தான் டியூப் போக வேண்டும். ஆற்றை நிமிர்த்த முடியாது, தலையைத் திருப்பலாம். எந்தப் பக்கம், எவ்வளவு என்பதில்தான் நூற்றுச்சொச்ச வருஷம் அடித்துக்கொண்டார்கள்.

முதலில் வந்தவர்கள் பார்க்கவே முயலவில்லை, தடவினார்கள். 1858இல் பாரிஸில் பூஷூ என்ற மருத்துவர், தொண்டை அடைப்பான் நோயில் மூச்சு முட்டிய குழந்தைகளின் குரல்வளைக்குள் விரல்பூண் மாதிரி ஒரு வெள்ளிக் குழலை நூல் கட்டி இறக்கினார். கழுத்தைக் கீறித் துளை போடுவதில் பெயர் வாங்கிய ட்ரூஸோ என்ற பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. பெரியவருக்குப் பிடிக்காதது மருத்துவ அகாதமிக்கும் பிடிக்கவில்லை. வெள்ளிக் குழல் பெட்டிக்குள் போயிற்று. குமாஸ்தாவான கிராணிக்குப் பிடிக்காத யோசனை துரையின் மேஜைக்குப் போகாது என்பது எங்கள் தோட்டங்களுக்கு மட்டுமான சட்டம் இல்லை என்று தெரிந்துகொள்வதில் ஓர் ஆறுதல்.

1878இல் கிளாஸ்கோவில் மெக்யூவன் என்ற அறுவை மருத்துவர், விரலை நாக்குக்குப் பின்னால் விட்டு வழி கண்டுபிடித்து, விழித்திருந்த ஆளுக்கே குழாயை இறக்கினார். அவர் முதலில் பிணங்களில் பழகினார். அவை ஆட்சேபிக்கவில்லை.

குழந்தைகளிடம் திரும்பி வந்தவர் நியூயார்க் அநாதைக் குழந்தைகள் ஆஸ்பத்திரியின் ஜோசஃப் ஓட்வையர். 1880களில் தொண்டை அடைப்பான் அங்கே வார்டு வார்டாகப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. இந்த ஒரு பத்தியில் மட்டும் நான் வாயை அடக்கிக்கொள்கிறேன். மூச்சுக்குத் தவிக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு வழியில்லாத காலம் அது. தடுப்பூசி வந்தபின் எல்லாரும் மறந்துபோன அந்த நோய், 2016இல் மலேசியாவில் மறுபடி தலைகாட்டி, ஊசி போடாத பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று. ஓட்வையர் வருஷக்கணக்கில் குழலின் நீளத்தையும் வடிவத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருடைய முறையில் பிள்ளையைப் போர்வையில் கைகளோடு சேர்த்துச் சுற்றி, நர்ஸின் மடியில் நேராக உட்காரவைப்பார்கள். பின்னால் ஒருவர் தலையை அசையாமல் பிடிப்பார். வாயை விரித்து நிறுத்த ஒரு கருவி. மருத்துவரின் ஆள்காட்டி விரல் அந்த வாட்ச்மேனைத் தூக்கிப் பிடிக்க, மறுகை குழலை இறக்கும்.

மடியில் உட்காரவைத்து, கையைக் கட்டி, தலையைப் பிடித்து, வாயைத் திறந்து. எங்கள் பாட்டி பார்த்திருந்தால் விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பாள். சனிக்கிழமைதோறும் லயத்தில் அதே காட்சி, அதே அலறல்.

1895இல் பெர்லினில் கிர்ஸ்டைன்தான் விரலை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்தவர். ஆளை உட்காரவைத்து, முகத்தை மேலே நிமிர்த்தி, விளக்கு வைத்த தட்டையால் நாக்கை அழுத்தி நேராகவே எட்டிப் பார்த்தார். பார்வை வந்ததும் சண்டையும் வந்தது. தடவுகிறவனுக்குத் தலை எப்படி இருந்தாலும் ஓரளவு சரி. பார்க்கிறவனுக்கு நேர்கோடு வேண்டும்.

நேர்கோட்டுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்தவர் அமெரிக்காவின் செவாலியர் ஜாக்சன். பிள்ளைகள் விழுங்கியதையும் மூச்சுக்குழாயில் இழுத்துக்கொண்டதையும் வெளியே எடுப்பது அவர் தொழில். ஊக்கு, நாணயம், பொத்தான் என்று 2,000க்கும் மேற்பட்ட சாமான்களை எடுத்துச் சேர்த்துவைத்தார். பிலடெல்பியாவின் மூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றைக்கும் இழுப்பறை இழுப்பறையாக இருக்கின்றன. எங்கள் பக்கம் வந்திருந்தால் ரம்புத்தான் கொட்டைக்கே தனி அலமாரி போட்டிருப்பார். அவர் ஆரம்பத்தில் நோயாளியின் தலையை மேஜை விளிம்புக்கு வெளியே கொண்டுவந்து, பின்னால் நன்றாகச் சாய்த்தார். அந்தரத்தில் நிற்கிற தலையை யார் தாங்குவது? டாக்டர் பாய்ஸ் என்பவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு முழங்காலை உயர்த்தி, அதில் கையை ஊன்றித் தாங்கினார். அந்த நிலைக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். சரித்திரத்தில் முழங்கால் மூலம் இடம்பிடித்தவர்கள் குறைவு. பின்னாளில் ஜாக்சனே மனம் மாறி, தலையைத் தொங்கவிடாதே, தூக்கிப் பிடி என்றார்.

இனி மகில். இவர் கதையில் எங்களுக்கும் பங்கு உண்டு.

முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு, லண்டன் பக்கத்தில் சிட்கப் ஆஸ்பத்திரியில் கில்லீஸ் என்பவர் புது முகம் தைத்துக்கொண்டிருந்தார். முகமே அறுவைக் களம் என்றால் மயக்க மருந்து முகமூடியை எங்கே வைப்பது? அங்கே மயக்க மருந்து கொடுத்த மகிலும் ரோபாத்தமும் மூச்சுக்குழாய்க்குள்ளேயே டியூப் இறக்கும் வித்தையைப் பழகினார்கள். மகில் சுருள் சுருளாக விற்ற சிவப்பு ரப்பர் குழாயை வாங்கி, வெட்டி, முனை தேய்த்து டியூப் செய்தார். சுருட்டிக் கிடந்ததால் ரப்பருக்கு ஒரு வளைவு தானாகவே வந்திருந்தது; தொண்டைக்குக் கச்சிதம்.

ரப்பர்! 1920களில் உலகத்திலேயே அதிக ரப்பர் விளைந்த நாடு மலாயா. புக்கிட் ரோத்தானிலும் ஈஜோக்கிலும் ஜெராமிலும் விடிவதற்கு முன் பெரட்டுக்கு நின்று, பெயர் கொடுத்து, உளியோடு நிரைக்குப் போய்ப் பால் வெட்டியவர்கள் எங்கள் ஆட்கள். அந்தப் பால் உறைந்து, ஷீட்டாகி, புகையில் வெந்து, கப்பலேறி, எந்தெந்த வெள்ளைக்காரத் தொண்டைக்குள் போனதோ. பாட்டியின் மாமியார் ஏதோ ஒரு பிரபுவின் குரல்வளையைத் தொட்டிருக்கிறாள் என்று நான் அடித்துச் சொல்வேன். சட்டப்படி நிரூபிக்க முடியாது. பாலுக்குக் கொடுத்த விலையை நினைத்தால் அந்தத் தொண்டையிலிருந்து நன்றி வரும் என்று எதிர்பார்ப்பதும் கஷ்டம்.

தலையை எப்படி வைப்பது என்று 1930களில் மகில் சொன்னதுதான் வேதமாயிற்று. தலைக்குக் கீழே ஒரு தலையணை. கழுத்து முன்னால் வர வேண்டும், முகம் சற்று மேலே நிமிர வேண்டும். காலைக் காற்றை மோந்து பார்க்கிறவன் மாதிரி. இன்றைக்கும் அதற்கு மோப்ப நிலை என்றே பெயர்.

இங்கிலாந்தில் காலைக் காற்று எப்படி மணக்குமோ. எங்கள் பக்கத்தில் காலைக் காற்று என்றால் ஸ்டோருக்குப் போகிற வழியில் குவித்துவைத்த கட்டிப்பால். வாரக்கணக்கில் ஊறிய அதன் வாசனைக்குத் தமிழில் சொல் கிடையாது, இருந்தால் அச்சேறாது. அந்தக் காற்றை மோந்து பார் என்று தோட்டத்து ஆளிடம் சொன்னால் கழுத்து முன்னால் வராது. முகம் வலது பக்கம் திரும்பும். மூக்கைத் துண்டு மூடும்.

போகட்டும், தலையை நிமிர்த்து என்ற அறிவுரையே எங்கள் ஊரில் விவகாரமானது. துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தலை குனிந்து நிற்க வேண்டும் என்பது எழுதாத தோட்டச் சட்டம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முதலியவர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு சேர்த்து அதையும் ஒழிக்கச் சொன்னார்கள். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடக்கும்போது நிமிரலாம், ரோட்டில் நிமிரக் கூடாது என்பது அன்றைய கழுத்துக் கொள்கை.

1944இல் பானிஸ்டர், மெக்பெத் என்ற இருவர் மகிலின் மோப்பத்துக்கு ஆக்ஸ்ஃபர்டிலிருந்து ஜியோமெட்ரி எழுதினார்கள். வாய்க்கு ஒரு அச்சு, தொண்டைக்கு ஒன்று, குரல்வளைக்கு ஒன்று; தலையணை வைத்து முகத்தை நிமிர்த்தினால் மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும் என்று படம் போட்டார்கள். அதே வருஷம் ஜப்பான்காரன் ஆட்சியில் எங்கள் ஆட்கள் மரவள்ளிக் கிழங்கையும் வாழைமரம் போட்ட செல்லாத நோட்டையும் ஒரே கோட்டில் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தார்கள். இரண்டுமே சரியாக வரவில்லை. நோட்டு அடுத்த வருஷமே குப்பைக்குப் போயிற்று. மூன்று அச்சுப் படம் மட்டும் பாடப்புத்தகத்தில் 57 வருஷம் ஓடியது. 2001இல் பிரான்ஸில் அட்னே குழுவினர் எட்டு ஆரோக்கியமான ஆட்களை எம்.ஆர்.ஐ. குழலுக்குள் படுக்கவைத்துப் பார்த்தால், எந்த நிலையிலும் மூன்று கோடுகளும் ஒன்றாகவில்லை. படம் தப்பு, ஆனால் தலையணை வைத்தால் பெரியவர்களுக்கு வசதியாகத்தான் இருக்கிறது என்று மற்ற மருத்துவர்கள் பலர் சமாதானம் ஆனார்கள். காரணம் தப்பு, காரியம் சரி. எங்கள் கோயில் கமிட்டியின் கணக்கறிக்கை மாதிரி.

இத்தனை சண்டையும் யார் தலையை வைத்து? பெரியவன் தலையை வைத்து. குழந்தையைச் சின்ன சைஸ் பெரியவன் என்று நினைத்துக்கொண்டு, அதே தலையணையைச் சின்னதாக்கி வைத்தால் என்ன ஆகும்?

பிறந்த பிள்ளையின் நீளத்தில் கால் பங்கு தலை. பெரியவனுக்கு எட்டில் ஒரு பங்கு. அதிலும் பிள்ளைக்குப் பின்மண்டை பிதுங்கி நிற்கும். சமதரையில் மல்லாக்கப் போட்டாலே பின்மண்டை முட்டுக்கொடுத்துத் தலையை முன்னால் தள்ளிவிடும். தாடை நெஞ்சைத் தொடப் பார்க்கும். பெரியவனுக்குத் தலையணை செய்கிற வேலையைப் பிள்ளைக்கு அதன் மண்டையே செய்துவிடுகிறது, கொஞ்சம் அதிகமாகவே. அதற்குமேல் தலையணையும் வைத்தால் கழுத்து மடங்கி, கையளவுக் காற்று வழியும் நசுங்கும். நாக்கு வாய்க்குப் பெரிசு. குரல்வளை பெரியவர்களைவிட மேலே, கழுத்தெலும்பில் மூன்றாவது நாலாவது மட்டத்தில். வாட்ச்மேன் நீளமாக, தொளதொளவென்று வாசலில் சாய்ந்து தூங்குகிறார். அவரை நேரே தூக்கி நிறுத்தத்தான் சின்னப் பிள்ளைகளுக்கு 1941இல் வந்த மில்லரின் நேர்த்தட்டையை எடுப்பார்கள். 1943இல் வந்த மெக்கின்டாஷின் வளைந்த தட்டை பெரியவர்களிடம் கொடிகட்டிப் பறக்கிறது.

சரி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்துவிடுவோம் என்றால் அதுவும் வம்பு. பிள்ளையின் மூச்சுக்குழாய் பப்பாளித்தண்டு மாதிரி; அதிகம் வளைத்தால் ஒடுங்கும். மடக்கவும் கூடாது, வளைக்கவும் கூடாது. கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் காதுத் துளையும் நெஞ்செலும்புக்கு மேலே இருக்கிற குழியும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதற்கு வழி, ஒரு துண்டை மடித்துத் தோளுக்கு அடியில் வைப்பது. நெஞ்சு கொஞ்சம் உயரும். பின்மண்டைக்கு இடம் கிடைக்கும். கழுத்து தானாக நேராகும். இரண்டு வயதுவரை ஏறக்குறைய இதே கதை. பிறகு உடம்பு வளர்ந்து தலையை எட்டிப் பிடிக்கப் பிடிக்க, தோளுக்குத் துண்டு போய், தலைக்கு மெல்லிய தலையணை வரும்.

டியூப் போனபிறகும் தலை சும்மா இருக்க வேண்டும். தாடை குனிந்தால் டியூப் கீழே இறங்கும், நிமிர்ந்தால் மேலே வரும். பிறந்த பிள்ளையின் மூச்சுக்குழாய் மொத்தமே 4 செ.மீ. சொச்சம். ஒரு சென்டிமீட்டர் நகர்ந்தாலே ஒரு நுரையீரலுக்குள் நுழைந்துவிடலாம், இல்லை வாயோடு வெளியே வந்துவிடலாம்.

தலையணை என்ற சொல்தான் நம்மை ஏமாற்றியது என்பது என் கட்சி. தலைக்கு அணை என்று பெயர் வைத்துவிட்டதால் அதை வேறெங்கும் வைக்கத் தோன்றவில்லை. தோளணை என்று ஒரு சொல் இருந்திருந்தால் பாட்டி எப்போதோ தைத்திருப்பாள். மகிலுக்கு 1960இல் சர் பட்டம் கொடுத்தார்கள். மடித்த துண்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை, துவைத்தார்கள்.

ரப்பர் டியூபும் ஓய்ந்துபோயிற்று. ரப்பர் தொண்டையை உறுத்துகிறது என்று 1960கள் வாக்கில் பிளாஸ்டிக் வந்தது. 1962இல் பெய்ரூட்டிலிருந்து பிராண்ட்ஸ்டேட்டரும், 1965இல் மெல்பர்னிலிருந்து மெக்டொனால்டும் ஸ்டாக்ஸும், கழுத்தைக் கீறாமலேயே பச்சைப்பிள்ளைக்கு நாள்கணக்கில் டியூப் வைத்திருக்கலாம் என்று காட்டினார்கள். அதே காலத்தில் எங்கள் தோட்டங்களும் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனைக்கு மாறின. அதற்கு விதை போட்டவர் எங்கள் ஊர்க்காரர்தான். 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் மலாயாவில் வியாபாரத்துக்கு வைத்த முதல் செம்பனை. அவர் பிறகு ஒரு நாவல் எழுதி 1930இல் கோன்கூர் பரிசும் வாங்கினார். செம்பனை நட்டதற்கு நாங்கள் கொடுத்த பரிசு இடுப்பு வலி.

சரி, மேஜைக்கு வருவோம். தம்பி ஒரு குளிக்கிற துண்டை நாலாக மடித்துப் பொம்மையின் தோளுக்கு அடியில் தள்ளினான். தாடை நெஞ்சை விட்டு விலகி, முகம் கூரையைப் பார்த்தது. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குனிந்து, பக்கத்திலிருந்து மட்டம் பார்த்தாள். பால்வாளியில் எத்தனை போத்தல் என்று பார்த்தே சொன்ன கண் அது.

"கழுத்து நேராத்தான் இருக்கு," என்றாள்.

"அதான் பாட்டி. எத்தனை பெரிய டாக்டருங்க அடிச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சது தெரியுமா?"

"அப்போ தலைக்கு?"

"தலைக்கு ஒண்ணும் வேணாம்."

"ராத்திரிக்குக்கூடவா?"

அவன் பதில் சொல்லாமல் டியூபை எடுத்தான். நாலு தடவை வயிற்றுக்குள் போனது. ஐந்தாவது தடவை நெஞ்சு உயர்ந்தது. பாட்டி கைதட்டினாள். அவன் வெற்றியோடு எழுந்து தே தாரிக் குடிக்கச் சமையலறைக்குப் போனான். திரும்பி வந்தபோது மேஜையில் பொம்மை இல்லை. நடுவீட்டில் சேலைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே, தாடை நெஞ்சில் இடிக்க, கடுகுத் தலையணையில் தலை வைத்து, வாயில் டியூபோடு பிள்ளை தூங்கியது.

"சத்தம் போடாதடா," என்றாள் பாட்டி.